பின்மண்டையில் மூன்று சென்டிமீட்டர்

பென்சில் தடிமன் போதும்.
கொண்டை போட்டால் தெரியாத இடமாகப் பார்த்து
தோலை ஒட்டி வெட்ட வேண்டும்.
வேர்ப்பக்கம் நூல் கட்டி அடையாளம் வைக்காவிட்டால்
ஐப்பசி ஆவணியாகிவிடும்.

ஒரு சென்டிமீட்டர், ஒரு மாதம்.
மூன்றுக்கு மேல் நம்பாதே,
சீயக்காயும் நொய்யல் ஓரத்து போர்வெல் தண்ணீரும்
கார்டிசோலை அலசிக்கொண்டு போய்விடும் என்று
கோயமுத்தூரில் கைடு சொல்லியனுப்பினார்.

அங்கேரிபாளையம் ரோட்டில் அந்தப் பனியன் கம்பெனி.
செக்கிங் மேசையில், டியூப்லைட்டுக்கு அடியில்
அறுபது பெண்கள்.
நாற்பத்தேழாம் எண் தங்கநாச்சி, முப்பத்தொன்பது வயது,
ஒன்றரை ஷிப்ட்.

கேள்வித்தாளில் பத்துக் கேள்வி.
ஒருபோதும் இல்லை என்றால் பூஜ்யம், எப்போதும் என்றால் நான்கு.
"போன மாசத்துல எத்தனை தடவை
மன அழுத்தமா இருந்துச்சுங்க?"
"அழுத்தறதுங்களா? அது அயர்ன் செக்சனுங்.
இங்கெ ஓட்டை பாக்கறது, கறை பாக்கறது, பிசிறு வெட்டறது."
மேசையே சிரித்தது.
பத்துக்கும் பூஜ்யம் போட்டுக்கொண்டேன்.

சிரித்த கையோடு ட்ரிம்மரைத் தேடினாள்.
மேசைக்குக் கீழே, துணிக்குவியலில், பக்கத்துக்காரி மடியில்.
அது அவள் விரலிலேயே மாட்டியிருந்தது.

காதுக்கு உள்ளே, மூளையில், இரண்டு பக்கமும்
கடற்குதிரை போல வளைந்த ஒரு துண்டு உண்டு.
எதை எங்கே வைத்தோம் என்பது அதன் கணக்கு.
கார்டிசோலில் நெடுநாள் ஊறினால் சுருங்கும்.
முதல் அலசலில் பனியன் சுருங்குவது போல என்று
குறிப்பேட்டில் எழுதி, அடித்தேன்.
பனியன் ஒரு தடவைதான் சுருங்கும்.
கடலுக்கு நூறு கல் தள்ளிய ஊரில்
தலைக்கு இரண்டு கடற்குதிரை.

முடியைப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து
ஓர் இரவு காத்திருந்தோம்.
எல்லார் கோடும் தீபாவளி ஆர்டருக்கு ஏறியது,
போனஸுக்குப் பிறகு இறங்கியது.
நாற்பத்தேழு ஏறவே இல்லை.
அறுபதில் அதுதான் தாழ்வு.

"நிம்மதியான பொம்பளை" என்றான் பக்கத்து மேசை கவியரசன்.
கைடு கண்ணாடியைக் கழற்றினார்.
"நிம்மதியும் இப்படி இருக்கும்.
வருசக்கணக்கா அமுக்கி அமுக்கி
காயில் போன காலிங்பெல்லும் இப்படித்தான் இருக்கும்.
காகிதத்துல வித்தியாசம் தெரியாது.
ரெண்டாவது சாம்பிள் எடுத்துட்டு வா."

கருவியைச் சரிபார்க்க என் முடியையும் போட்டிருந்தோம்.
அந்தக் கோட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.
நானும்.

தைப்பூசம் கழிந்து போனேன்.
மேசை முழுக்கக் கொண்டைகள், ஒரு மொட்டை.
சந்தனம் காய்ந்து வெடித்த மொட்டை நிமிர்ந்தது.
"வாங் கண்ணு.
உங்க முடி பழனில இருக்குதுங்."

வேண்டுதல் என்னவென்று கேட்கப் படிவத்தில் இடமில்லை.
கேட்டேன்.
"நடந்தே போனனுங்.
தாராபுரம் தாண்டற வரைக்கும் கண்ணுல தண்ணி வந்துட்டே இருந்துச்சு.
எதுக்குன்னு தெரியலைங்.
அப்பறம் நின்னுருச்சு."
ஒரு பீஸை வெளிச்சத்தில் பிடித்தாள்,
"ஓட்டை" என்று ஒதுக்கிப் போட்டாள்.
"சித்திரை கழிச்சு வாங்,
மூணு சென்டிமீட்டர் இருக்கும்."

மாதிரி கிடைக்காததற்குக் காரணம்:
மறுத்தார், வேலையை விட்டார், இடம் மாறினார், மற்றவை.
மற்றவையில் டிக் அடித்தேன்.
பக்கத்துக் காலிக் கோட்டில்
பழனி என்று மட்டும் எழுதினேன்.

புள்ளிவிவரம் பார்ப்பவர்
அதை இடம் மாறினார் என்று சேர்த்துக்கொண்டார்.